மனந்திரும்புதலும் தெய்வமாக்கமும்: ஆதித் திருச்சபை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘மனிதன் தெய்வமாகிறான்’ என்று ஒரு கிறிஸ்தவரிடம் சொல்லிப் பாருங்கள். கள்ள உபதேசம் என்று எழுந்து போய்விடுவார். ஆனால் முதல் சில நூற்றாண்டுகளின் பெரிய ஆசிரியர்கள் இதைக் கூசாமல் பிரசங்கித்தார்கள். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களிடமும் சொன்னார்கள். இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழும் கேள்விகள் இவை.

தெய்வமாக்கம் என்றால் சரியாக என்ன?

கடவுள் தமக்கே உரிய அழியாமையையும் பரிசுத்தத்தையும் அன்பையும் மனிதனோடு பகிர்ந்துகொள்கிறார். மனிதன் மனிதனாக இருந்தபடியே அதைப் பெற்றுக்கொள்கிறான். கிரேக்கத்தில் இதற்குத் தியோசிஸ் என்று பெயர். 4ஆம் நூற்றாண்டில் நாசியான்சு ஊர் கிரகோரி இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கருத்து அவருக்கு முன்பே பழையது. ஏறக்குறைய 180இல் லியோன் நகர ஆயர் இரேனேயு எழுதியதன் சாரம் இது: நம்மைத் தாம் இருப்பதைப் போல ஆக்குவதற்காகவே, கிறிஸ்து தம் அளவற்ற அன்பினால் நம்மைப் போல ஆனார். அடுத்த நூற்றாண்டுகளில் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு இதையே சுருக்கினார்: நாம் தெய்வமாகும்படி அவர் மனிதனானார்.

இன்று இது நம் காதில் உரக்க ஒலிக்கக் காரணம், நாம் ‘தெய்வம்’ என்றதும் படைத்தவரை மட்டும் நினைப்பது. அன்றைய கிரேக்க உலகில் தேவர்கள் என்றால் முதலாவதாகச் சாவில்லாதவர்கள். ஆகவே மனிதன் தெய்வமாவான் என்று கேட்டவர்களுக்கு, ‘சாவு உன்னை முடித்துவிடாது’ என்பதுதான் முதலில் விளங்கியிருக்கும். அத்தனாசியுவின் வாதத்திலும் மையமான பகை சாவுதான். குற்றத்துக்கான தண்டனை என்பதைவிட, இல்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்ட மனிதன் மறுபடியும் இல்லாமைக்கே சரிந்துகொண்டிருக்கிறான் என்பதே அவருடைய பெரிய கவலை.

வேதாகமத்தில் இதற்கு ஆதாரம் உண்டா?

உடனே எல்லோரும் காட்டும் வசனம் 2 பேதுரு 1:4. ‘திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்களாகும்பொருட்டு’ வாக்குத்தத்தங்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்கிறது அது. ஆனால் தொடக்கக் காலத்தில் அதைவிட அதிகமாகக் கையாளப்பட்டது 82ஆம் சங்கீதம். ‘நீங்கள் தேவர்கள் என்றும், நீங்களெல்லாரும் உன்னதமானவரின் மக்கள் என்றும் நான் சொல்லியிருந்தேன்’ என்று 6ஆம் வசனம். ஆனாலும் மனுஷரைப்போலச் சாவீர்கள் என்று அடுத்த வசனம். இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவத் தத்துவ ஆசிரியர் இந்த இரண்டையும் சேர்த்து ஆதாம் ஏவாளின் கதையாக வாசித்தார். சாவில்லாத பிள்ளைகளாக இருக்க வேண்டியவர்கள், சாவைத் தேடிக்கொண்டார்கள். தோற்றுப்போன அந்த இடத்தை மனிதர் திரும்பப் பெற முடியும் என்பது அவருடைய வாசிப்பு. யோவான் சுவிசேஷத்தில் இயேசுவே இந்தச் சங்கீதத்தை எடுத்துப் பேசுகிறார் (10:34). அதனால் இது ஏதோ மூலையில் கிடந்த வசனம் இல்லை.

பாம்பு ஏவாளுக்குச் சொன்னதும் இதைத்தானே? ‘தேவர்களைப்போல் இருப்பீர்கள்’ என்றது பாவமில்லையா?

நல்ல கேள்வி. இரேனேயு இதற்கு நேராகப் பதில் சொல்கிறார். அவருடைய பார்வையில் ஆதாம் இன்னும் வளராத பிள்ளை. தெய்வ வாழ்வு அவனுக்கு என்றே வைக்கப்பட்டிருந்தது, ஆனால் வளர்ந்து வாங்க வேண்டியது. அவன் அதைப் பறித்துக்கொள்ளப் போனான். ‘இன்னும் மனிதனாகவே ஆகாத நீ எப்படித் தெய்வமாவாய்?’ என்று கேட்கிறார் இரேனேயு. குற்றம் ஆசைப்பட்ட பொருளில் இல்லை, அதை எடுத்துக்கொண்ட விதத்தில் இருக்கிறது.

மனந்திரும்புதலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நம் ஊரில் மனமாற்றம் என்ற பேச்சு இரண்டு இடங்களில் வந்து முட்டி நிற்கிறது. ஒன்று, மதம் மாறுவது: பெயர், சாதிச் சான்றிதழ், அரசிதழ் அறிவிப்பு. மற்றொன்று சாட்சி சொல்வது: ‘இன்ன தேதியில், இன்ன கூட்டத்தில் நான் இரட்சிக்கப்பட்டேன்.’ ஆதித் திருச்சபையின் மனந்திரும்புதலை இந்த இரண்டில் எதிலும் அடைக்க முடியாது. அது ஒரு பிறப்பு. பிறந்த பிள்ளை வளர்ந்து எதுவாக ஆகும் என்பதற்கான பெயர்தான் தெய்வமாக்கம். ஆரம்பமும் முடிவும் ஒரே பாதை. நடுவில் நிற்பது ஞானஸ்நானத் தொட்டி.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியன் 246ஐ ஒட்டி கிறிஸ்தவரானவர், 258இல் இரத்தசாட்சியாக இறந்தவர். நண்பர் தொனாத்துவுக்கு எழுதியதில், மாறுவதற்கு முன் தமக்கு இருந்த அவநம்பிக்கையை ஒளிக்காமல் சொல்கிறார். பெரிய விருந்துகளுக்குப் பழகியவன் எப்படிச் சிக்கனம் கற்பான்? பொன்னும் பட்டும் உடுத்தியவன் எப்படிச் சாதாரண உடைக்கு இறங்குவான்? ஊறிப்போன பழக்கத்தை ஒரே நாளில் எப்படிக் கழற்றுவது? பிறகு தண்ணீரில் இறங்கி எழுந்ததும், முடியாது என்று நினைத்தது முடிந்தது என்கிறார். அவர் கொண்டாடுவது கட்சி மாறியதை இல்லை, தமக்குள் வேறொரு உயிர் வேலை செய்யத் தொடங்கியதை.

யுஸ்தீன் கதை வேறு மாதிரி. அவர் ஒவ்வொரு தத்துவ ஆசிரியராகத் தேடிப் போனார். ஸ்தோயிக்கரிடம் கடவுளைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. அரிஸ்டாட்டில் வழிவந்த ஒருவர் சில நாளிலேயே கட்டணத்தைப் பேசி முடிக்கச் சொன்னார். பித்தகோரஸ் வழிக்காரர் முதலில் இசை, வானியல், வடிவியல் மூன்றும் படித்துவிட்டு வா என்றார். பிளேட்டோ வழி மட்டும் பிடித்துப்போனது. அந்த நிலையில் கடலோரம் தனியாக நடக்கும்போது ஒரு கிழவர் எதிர்ப்பட்டார், பேச்சு தீர்க்கதரிசிகள் பக்கம் திரும்பியது, உள்ளே தீப்பற்றியது. அதன் பிறகும் யுஸ்தீன் தத்துவ ஆசிரியருக்குரிய அந்த மேலங்கியைக் கழற்றவில்லை. உண்மையான தத்துவம் இதுதான் என்று சொல்லிக்கொண்டு அதே அங்கியோடு போதித்தார். 165ஐ ஒட்டி ரோமில் தலை வெட்டப்பட்டது. மாறுகிறவன் தன் பழைய அறிவையெல்லாம் எரித்துவிட்டு வர வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்கள், யுஸ்தீனை வாசிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சேர விரும்பிய ஒருவருக்கு நடைமுறையில் என்ன நடந்தது?

உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிட மாட்டார்கள். இப்போலித்துவின் பெயரில் வழங்கும் ‘அப்போஸ்தல மரபு’ என்ற பழைய சபை ஒழுங்கு நூல் மூன்று ஆண்டு கேட்டுக் கற்கச் சொல்கிறது. ஆர்வமுள்ளவருக்குக் காலத்தைக் குறைக்கலாம், ஏனெனில் பார்க்க வேண்டியது நடத்தையை. முதலில் தொழிலை விசாரிப்பார்கள். சிலை செய்கிறவர், நாடக நடிகர், தேரோட்டப் பந்தயக்காரர், வாட்போர் வீரர் எல்லோரும் விட வேண்டும், இல்லையேல் சேர்க்கமாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார் விட்டால் நல்லது, வேறு பிழைப்பு இல்லையென்றால் தொடரட்டும் என்று ஒரு இளக்கம். பள்ளிப் பாடமே புறத்தெய்வக் கதைகளாக இருந்த காலம் அது. கற்கும் காலத்தில் விதவைகளை மதித்தாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா என்று அறிமுகப்படுத்தியவரே சாட்சி சொல்ல வேண்டும்.

4ஆம் நூற்றாண்டு எருசலேமில் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு நடந்தது, ஆயர் சிரிலின் பெயரில் உள்ள உரைகளில் இன்றும் கண்முன் நிற்கிறது. முன்மண்டபத்தில் மேற்குப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். சூரியன் சாயும் திசை, இருளின் திசை. கையை நீட்டி, எதிரே நிற்பவனிடம் பேசுவதுபோல, ‘சாத்தானே, உன்னை விட்டுவிடுகிறேன்’ என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பிறகு கிழக்கே திரும்பி விசுவாச அறிக்கை. உள்ளே போனதும் உடைகளைக் களைந்து, தலை முதல் கால் வரை எண்ணெய் பூசுவார்கள். தொட்டியில் மூன்று முறை மூழ்கி எழ வேண்டும். கல்லறையில் மூன்று நாள். ‘அந்தத் தண்ணீர் உங்களுக்குக் கல்லறையாகவும் தாயாகவும் இருந்தது’ என்கிறது உரை. பிறகு நெற்றி, காது, மூக்கு, மார்பு என்று நறுமணத் தைலம். இப்போது நீங்களும் கிறிஸ்துகள் என்று அழைக்கப்படத் தகுந்தவர்கள்.

இந்த விளக்கங்களை முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். எல்லாம் நடந்து முடிந்த பிறகு, அந்த வாரம் முழுக்க உட்காரவைத்து, ‘உங்களுக்கு என்ன நடந்தது தெரியுமா?’ என்று தொடங்குவார்கள். அந்த வரிசையில் திருவிருந்து பற்றிய உரையில்தான் 2 பேதுரு வசனம் வருகிறது: கிறிஸ்துவின் உடலையும் இரத்தத்தையும் பெற்று நீங்கள் கிறிஸ்துவைச் சுமக்கிறவர்களாக, திவ்விய சுபாவத்தில் பங்குள்ளவர்களாக ஆனீர்கள். தெய்வமாக்கம் படித்தவர்கள் மட்டும் விவாதிக்கும் விஷயமாக இருந்தது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கேட்டவர்கள் சில நாள் முன்பு ஈரத்தலையோடு நின்ற மனிதர்கள்.

அகுஸ்தீனாருக்கு எல்லாம் ஒரே நொடியில் நடந்ததே?

386இல் மிலான் நகரத் தோட்டம். ‘எடுத்து வாசி’ என்று ஒரு குழந்தைக் குரல். ரோமர் 13ஆம் அதிகாரம். பின்னாளில் ஆயரான அகுஸ்தீனார் தம் வாழ்க்கையைச் சொல்லும் ‘அறிக்கைகள்’ நூலில் வரும் இந்தக் காட்சி எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததைப் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்த பொந்தித்தியானு என்ற நண்பர், விளையாட்டு மேசைமேல் பவுலின் நிருபங்கள் கிடப்பதைப் பார்த்து, எகிப்தின் அந்தோணியார் கதையை எடுத்தார். அந்தோணியார் கோயிலில் வாசிக்கப்பட்ட ஒரே வசனத்தைக் கேட்டு, ‘உனக்கு உண்டானவைகளை விற்று’ என்பதைத் தமக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டவர். குடும்ப நிலத்தையெல்லாம் கொடுத்துவிட்டுப் பாலைவனம் போனவர். தோட்டத்தில் அந்தக் குரலைக் கேட்டதும் அகுஸ்தீனுக்கு நினைவு வந்தது இதுதான். அதனால்தான் புத்தகத்தைத் திறந்தார்.

அந்தோணியாரின் வாழ்க்கையை எழுதியவர் யார்? ‘நாம் தெய்வமாகும்படி அவர் மனிதனானார்’ என்ற அதே அத்தனாசியு. அந்த வரலாற்றில் ஒரு இடம் எனக்கு மிகவும் பிடித்தது. பாழடைந்த கோட்டைக்குள் 20 ஆண்டு தனித்திருந்த அந்தோணியார் வெளியே வருகிறார். எலும்பும் தோலுமாக ஒரு பைத்தியத்தை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். உடற்பயிற்சி இல்லாமல் பருத்திருக்கவில்லை, உபவாசத்தால் வற்றியும் போகவில்லை. முன்பு எப்படி இருந்தாரோ அப்படியே. கூட்டத்தைக் கண்டு கலங்கவும் இல்லை, வரவேற்பில் மயங்கவும் இல்லை. தெய்வமாக்கப்பட்ட மனிதன் எப்படி இருப்பான் என்று அத்தனாசியு வரைந்து காட்டிய படம் இது. ஒளிவட்டம் இல்லை, சமநிலை இருக்கிறது.

ஆக, ஒரு தெய்வமாக்கத்தின் கதை அடுத்த மனந்திரும்புதலைத் தூண்டியது. அதற்குப் பிறகும் அகுஸ்தீனுக்கு அவசரம் இல்லை. பெயர் கொடுத்து, தயாரிப்புக் காலம் முடித்து, 387 உயிர்ப்புப் பெருவிழா இரவில் மகன் அதேயோதாத்துவுடனும் நண்பர் அலிப்பியுவுடனும் மிலான் ஆயர் அம்புரோசு கையால் ஞானஸ்நானம் பெற்றார்.

அகுஸ்தீனாரின் ‘அறிக்கைகள்’ நூலில் விக்தோரினு என்ற ரோமப் பேச்சுக்கலை ஆசிரியரின் கதையும் உண்டு. ‘நான் மனதளவில் கிறிஸ்தவன்தான்’ என்று தனியாகச் சொல்வார். கோயிலில் பார்த்தால்தான் நம்புவேன் என்பார் அவருடைய கிறிஸ்தவ நண்பர் சிம்பிளிசியானு. ‘அப்படியானால் சுவர்களா ஒருவனைக் கிறிஸ்தவனாக்குகின்றன?’ என்று கேலியாகக் கேட்பார் விக்தோரினு. கடைசியில் பயம் விட்டுப்போய், தனியிடத்தில் அறிக்கை செய்யலாம் என்று குருக்கள் சலுகை தந்தும் மறுத்து, ஊரறிய மேடையேறினார்.

நிக்கேயா சங்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் வேர் அளவில். 325இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்கள் வார்த்தைகளுக்காகச் சண்டைபோட்டார்கள் என்று பள்ளிப் பாடம்போலச் சொல்லிவிடுகிறோம். அலெக்சாந்திரியா குரு அரியுஸ் சொன்னது: கடவுளின் மகனாகிய கிறிஸ்து உயர்ந்தவர், ஆனால் படைக்கப்பட்டவர். அத்தனாசியுவின் பதில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வருகிறது. ஒரு படைப்போடு இணைந்த மனிதன் எப்படித் தெய்வமாக முடியும்? தன்னிடம் கடனாக இருப்பதை ஒருவர் எப்படி இன்னொருவருக்கு உரிமையாகக் கொடுப்பார்? மகன் மெய்யான கடவுள் இல்லை என்றால் ஞானஸ்நானம் வெறும் குளியல்.

கிறிஸ்து யார் என்ற வழக்கு உண்மையில், மனந்திரும்பியவனுக்கு என்ன கிடைத்தது என்ற வழக்குதான். அத்தனாசியு ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார், 45 ஆண்டு ஆயர் பணியில் ஏறக்குறைய 17 ஆண்டு ஊருக்கு வெளியே. இலக்கணப் பிழைக்காக யாரும் இவ்வளவு அலையமாட்டார்கள்.

ரோமச் சக்கரவர்த்திகளைத் தெய்வமாக்கியது போலவா?

அதற்கு நேர் எதிர். அங்கே செத்தவருக்குச் செனட் சபை பட்டம் கொடுத்தது. 79இல் சாகக் கிடந்த வெஸ்பாசியன், ‘ஐயோ, நான் தெய்வமாகிக்கொண்டிருக்கிறேன் போல’ என்று நக்கலடித்ததாக ரோம வரலாற்றாசிரியர் சுவெத்தோனியு எழுதுகிறார். திருச்சபையிலோ அடிமையும் விதவையும் அதே தொட்டியில்தான் இறங்கினார்கள்.

அப்படியானால் அத்வைதம் சொல்வதும் இதுவும் ஒன்றா?

இல்லை. ‘நானே பிரம்மம்’ என்று உணர்வது இங்கே கிடையாது. படைத்தவர், படைக்கப்பட்டவர் என்ற கோடு ஒருபோதும் அழியாது. 7ஆம் நூற்றாண்டில் மாக்சிமு என்ற கிரேக்கத் துறவி சொன்னது: கடவுளின் சாராம்சம் நீங்கலாக, அவர் எதுவோ அதுவெல்லாம் ஆகலாம். இதற்குப் பழைய உவமை நெருப்பிலிட்ட இரும்பு. இரும்பு ஒளிர்கிறது, சுடுகிறது; தொட்டால் நெருப்பென்றே சொல்வோம். ஆனாலும் இரும்புதான்.

முத்தியிலும் உயிர் அழியாமல் இருந்து சிவானந்தத்தை நுகர்கிறது என்னும் சைவ சித்தாந்தம் இதற்கு இன்னும் அருகில் வருவதாகத் தோன்றும். ஆனால் சித்தாந்தத்தில் உயிர் அநாதி. திருச்சபைப் பிதாக்களுக்கு, அதாவது இங்கே பார்த்த ஆதி ஆசிரியர்களுக்கு, உயிர் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டது. கொடுக்கப்படாவிட்டால் அதற்கென்று சொந்தமாக எதுவும் இல்லை. இங்கேதான் இரண்டும் பிரிகின்றன.

இது அருளா, முயற்சியா?

இரண்டும், ஆனால் சரிபாதியாக இல்லை. கொடுப்பவர் கடவுள், பெறுவதற்குக் கை விரிய வேண்டும். அகுஸ்தீனார் ‘நீதிமானாக்குகிறவரே தெய்வமாக்குகிறவர்’ என்று சங்கீத விளக்கத்தில் சொல்லிவிட்டு, அது அருளால் வரும் பிள்ளை உரிமை, இயல்பால் வருவது இல்லை என்று உடனே வரம்பு கட்டுகிறார்.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு பாவம் செய்தால்?

ஆதித் திருச்சபையைத் தூங்கவிடாத கேள்வி இது. 250இல் தேசியு சக்கரவர்த்தியின் ஆணைக்குப் பயந்து கிறிஸ்தவர்கள் பலர் ரோமத் தெய்வங்களுக்குப் பலி கொடுத்தார்கள். அமைதி திரும்பியதும் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். ஏற்கவே கூடாது என்றது ஒரு பக்கம். சிப்பிரியன் நீண்ட தவத்துக்குப் பின் ஏற்றார். தவறிவிடுவோம் என்ற பயத்தில் ஞானஸ்நானத்தையே தள்ளிப்போட்டவர்களும் உண்டு. கான்ஸ்டன்டைன் 337இல் சாகும் தறுவாயில்தான் பெற்றார். நாசியான்சு கிரகோரி உள்ளிட்ட கப்பதோக்கியப் (இன்றைய துருக்கிப் பகுதி) பிதாக்கள் இந்தத் தள்ளிப்போடலைக் கடுமையாகத் திட்டியிருக்கிறார்கள்.

நம் சபைகளில் இதைக் கேட்டதே இல்லையே?

கேட்டிருப்பீர்கள், கவனித்திருக்கமாட்டீர்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் காணிக்கை நேரத்தில் குரு இரசத்தில் சில சொட்டுத் தண்ணீர் விடுகிறார். நம் மனித இயல்பில் பங்கெடுக்க மனமிசைந்தவருடைய இறை இயல்பில் நாமும் பங்குபெறுவோமாக என்பதே அப்போது சொல்லும் வேண்டுதல். கீழைத் திருச்சபைகள் இதை விட்டதே இல்லை.

புரட்டஸ்தாந்து மரபில் பேச்சு குறைந்தது உண்மை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியத் திருச்சபை வரலாற்றாசிரியர் ஹார்னாக் போன்றவர்கள் இதைக் கிரேக்கக் கலப்படம் என்று ஒதுக்கினார்கள். ஆனால் மெதடிஸ்து இயக்கத்தின் ஜான் வெஸ்லியைப் பாருங்கள். 1738 மே 24 மாலை ஆல்டர்ஸ்கேட் தெருவில் அவருக்கு நடந்த மனமாற்றம் பிரசித்தம். அன்று விடியற்காலை 5 மணியளவில் அவர் வேதத்தைத் திறந்தபோது கண்ணில் பட்டதாகக் குறித்து வைத்திருக்கும் வசனம், 2 பேதுரு 1:4.

‘நீங்கள் குட்டித் தெய்வங்கள், கட்டளையிடுங்கள், செல்வம் வரும்’ என்று சிலர் பிரசங்கிக்கிறார்களே. அதுவும் இதுதானா?

கிடையாது. பாம்பின் வழி அது: வளராமலே பறிப்பது. பிதாக்கள் தெய்வமாவதை எதில் வைத்துப் பார்த்தார்கள் என்பதற்கு இரண்டாம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்று சாட்சி. தியோக்நேத்துக்கு எழுதப்பட்ட அந்தக் கடிதம், அயலானை அடக்கி ஆள்வதிலும் பிறரைவிட அதிகம் சேர்ப்பதிலும் இன்பம் இல்லை என்கிறது; கடவுளிடம் பெற்றதை இல்லாதவருக்குக் கொடுக்கிறவன், பெறுகிறவர்களுக்குத் தெய்வமாகிறான் என்கிறது.

நாசியான்சு கிரகோரியும் அதையே சொன்னார்: ‘துன்பப்படுகிறவனுக்குத் தெய்வமாக இரு, கடவுளின் இரக்கத்தைப் பின்பற்று.’ ஏழைகள்மேல் அன்பு பற்றிய அந்தப் பிரசங்கத்தில் அவர் விரிவாகப் பேசுவது ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட தொழுநோயாளிகளைப் பற்றி. விரல் விழுந்தவர்கள், சொந்தத் தாயே கட்டியணைக்கப் பயப்படுகிறவர்கள், பொதுக் கிணற்றுக்கு அருகிலும் வரவிடாமல் விரட்டப்படுகிறவர்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இவர்களும் நம்மைப் போலக் கிறிஸ்துவை உடுத்திக்கொண்டவர்கள்தானே என்று கேட்கிறார்.